மூடியைக் கழற்றியது யார்

மலைமேல் இருந்த ஒரு தேயிலை ஃபாக்டரியில் தரை கூட்டுகிறவள் ஆக்னஸ். மகளின் பாடப்புத்தகத்தைப் படித்தே ஆங்கில இலக்கணம் கற்றவள். அவளோடு வேலை பார்த்த பூவாயியின் வலது கை, பாதுகாப்பு மூடியில்லாத இயந்திரத்தில் சிக்கித் துண்டாகிப் போனது.

விசாரிக்க அதிகாரி வந்தார். அவர் முன்னாலேயே மேனேஜர் தன் ஆங்கில அறிக்கையை ஆக்னஸிடம் நீட்டினார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடு. உனக்குத்தான் இங்கிலீஷ் வருமாமே! ஒரு தப்புக் காட்டு, கிழிச்சுப் போட்டுடறேன்."

ஆக்னஸ் நிதானமாகப் படித்தாள்.

"தப்பே இல்லீங்க தொரை. 'மூடி கழற்றப்பட்டிருந்தது'ன்னு பேஸிவ் வாய்ஸ்ல எழுதியிருக்கீங்க. அதுல கழட்டின ஆளைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிச்சிடலாம். இதையே ஆக்டிவா மாத்தினா, முதல்ல ஒரு ஆளைப் போட்டே ஆகணும். யாரைப் போடறதுங்க?"

"மாத்தி எழுதுங்க" என்று அதிகாரி பேனாவை மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் ஆக்னஸைப் பார்த்தார்; அவள் கண் அவர் மேலேயே இருந்தது. கடைசியில் 'நான்' என்று ஆரம்பித்தார்.

கூடியிருந்தவர்கள் ஆக்னஸை மெச்சினார்கள். அவள் முகம் மலரவில்லை. பேனாவை வாங்கி, அடியில் தானும் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதினாள்.

'அவர் கழற்றியதை நான் பார்த்தேன். யாரிடமும் நான் சொல்லவில்லை.'