சுட்டி முகர்ந்து பார்த்த குட்டி

அந்தக் காலத்தில் ஆடுகளின் வாய் மேயும்போதுகூடச் சும்மா இருக்காது. மனிதர்களைப் போலவே பேசும், சில நேரம் மனிதர்களைவிடக் கூடுதலாகவே பேசும். உடைமரக் காட்டோரம் பட்டி போட்டு ஆடு வளர்த்த மாடத்திக்கு அதுகளோடு வாயாடியே பொழுது போய்விடும். எந்த ஓடையில் தண்ணீர் கிடக்கிறது, எந்தக் கிடாய்க்கு எவள்மேல் கண் என்று ஒன்று விடாமல் வந்து சொல்லும். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுவது போல ஆடுகள் அவளை மயினி என்று கூப்பிடும். அவளும் திருப்பி மயினி என்பாள். இன்றைக்கு நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது, அப்படி ஓர் உறவு அது.

பால் குடிக்கவும் அப்போது பேச்சுதான் வழி. குட்டி எழுந்து நிற்கும்போதே அதற்குப் பேச்சும் வந்துவிடும். மேய்ச்சல் முடிந்து தாய் வந்ததும் ஓடிப்போய், "நான் உன் பிள்ளை" என்று சொல்லும். தாய் காலை அகட்டி நிற்கும். எத்தனை குட்டி போட்டோம் என்று ஆடுகளுக்கு எண்ணத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் பொய் என்ற ஒன்று பட்டிக்குள் அதுவரை நுழைந்ததே இல்லை.

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதத்தில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கும். மாடத்திக்கு உட்கார நேரம் இருக்காது. குட்டியின் மூக்குச் சளியை வழித்து எடுக்க வேண்டும், வைக்கோலால் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும், சீம்பாலைப் பீய்ச்சித் துணித்திரியில் நனைத்து வாயில் வைக்க வேண்டும். அந்த வருடம் சுட்டி என்ற ஆடு போட்ட குட்டிகளில் கடைசியாக வந்தது ஒரு நோஞ்சான் பெண்குட்டி. நிற்கவும் முடியவில்லை, பேச்சும் வரவில்லை. பிறந்த கையோடு மாடத்தி அதை வாரியெடுத்துக் கூடைக்குள் வைத்துக் கங்குச் சட்டிக்குப் பக்கத்தில் சூடுகாட்டினாள்.

அடுத்து செவலை என்ற ஆடு ஈன்றது. ஒரே ஒரு குட்டி. அதைப் பெற்றதும் அவளுக்குக் கண் சொருகிவிட்டது.

"மயினி, இவனைப் பட்டினி போட்டுராத" என்றாள்.

"நான் இருக்கேன் தாயீ" என்று மாடத்தி சொல்லி முடிக்கும்போது செவலை போய்விட்டாள்.

கொடுத்த வாக்கு மாடத்தியின் நெஞ்சில் முள்ளாக நின்றது. துணித்திரிப் பால் எத்தனை நாளைக்குக் காணும்? மடி கனத்து நின்றவள் சுட்டிதான். ஆனால் அவள் சிடுமூஞ்சி, தொட்டதற்கெல்லாம் முட்ட வருவாள். போய்க் கேட்டு, மாட்டேன் என்றுவிட்டால்? மாடத்தி அந்த அனாதைக் குட்டியின் காதருகே குனிந்தாள்.

"சுட்டிகிட்ட போய், நான் உன் பிள்ளைன்னு சொல்லுடா."

"ஆனா நான் செவலை பிள்ளைல்லா அத்தை?"

"வயித்துக்காவ ஒரு வார்த்தை. சொன்னா ஒண்ணும் கொறைஞ்சு போயிராது."

குட்டி போய்ச் சொன்னது. சுட்டி காலை அகட்டி நின்றாள். அது வயிறு புடைக்கக் குடித்துவிட்டு வந்தது. மாடத்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

குட்டிகள் லேசுப்பட்டவையா? ஒன்று செய்ததைப் பார்த்து எல்லாம் செய்தன. கொழுத்த குட்டிகள் தத்தம் தாயிடம் குடித்த கையோடு அடுத்தவள் மடிக்கு ஓடின. எங்கே திரும்பினாலும் "நான் உன் பிள்ளை, நான் உன் பிள்ளை" என்ற சத்தம். பாவம், தாய்களுக்கு மடி வற்றி வலி எடுத்தது. சுட்டி கொதித்துப் போனாள்.

"இனிமே எம் பேரைத் தெளிவாச் சொல்லுறதுக்குத்தான் பாலு. பெத்த பிள்ளைக்குத் தாய் பேரு தெரியாமலா போவும்? மத்தது எதுவும் கிட்ட வரப்பிடாது."

மறுநாள் மாலையில்தான் மாடத்தி கூடையிலிருந்த நோஞ்சான் குட்டியைத் தூக்கிவந்து சுட்டியின் மடியில் விட்டாள். தாய்ப்பால் குடித்தால்தான் இனி அது பிழைக்கும்.

"யாரு நீ? எம் பேரைச் சொல்லு" என்றாள் சுட்டி.

குட்டி வாயைத் திறந்தது. காற்றுதான் வந்தது. சுட்டி பின்னங்காலால் ஓர் உதை விட்டாள். பெற்ற குட்டி புழுதியில் போய் விழுந்து கிடந்தது.

மாடத்தி பதறி ஓடி அதை அள்ளினாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

"ஐயோ மயினி, இது உன் மகளாக்கும்! அன்னைக்குச் செவலை பிள்ளைக்குப் பொய் சொல்லிக் குடுத்தது நான்தான். பிள்ளையைக் கொன்னுராத."

 சுட்டி மாடத்தி பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குப் பொய் சொன்னவ இன்னைக்கு நெசம் சொல்லுதேன்னு நான் எதை வச்சு நம்ப?"

மாடத்தி குட்டியைச் சுட்டியின் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். சுட்டி தயங்கித் தயங்கிக் குனிந்தாள். வாலுக்கடியில் மூக்கை வைத்து முகர்ந்தாள். அவள் வயிற்றுக்குள் இருந்த வாடை அங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "என் மகளே" என்று அவள் அதை நக்கத் தொடங்கினாள். நக்க நக்கச் சூடேறிக் குட்டி எழுந்தது. மடியைக் கவ்வியது. வால் படபடவென்று ஆடியது.

செவலையின் பிள்ளை பசியோடு கிட்டே வந்தது. சுட்டி அதன் வாலையும் முகர்ந்தாள், முட்டித் தள்ளினாள். மாடத்தி மண்டியிட்டுச் சுட்டியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயில்லாப் பிள்ளை மயினி. ஒரு வாய் குடு."

சுட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. குட்டி குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

"இதை அன்னைக்கே கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே மயினி" என்றாள்.

ஆடுகள் மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வார்த்தையால் வந்த வினை போதும் என்று அதற்குப்பின் எல்லா ஆடுகளும் வாயை மூடிக்கொண்டன. பிள்ளைகளைக் கூப்பிட மட்டும் ஒரு "மே" மிஞ்சியது. மாடத்தி தினமும் பட்டி வாசலில் நின்று "மயினி, மயினி" என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். அதுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போய்விடும்.

அன்று முதல்தான் ஆடு தன் குட்டியின் வாலை முகராமல் பால் கொடுப்பதில்லை, குட்டியும் வாலை ஆட்டாமல் குடிப்பதில்லை. தாயில்லாக் குட்டியை வேறொரு மடியில் விடுகிற பெண்களும் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு "ஒரு வாய் குடு தாயீ" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார்கள்.