வந்து சேராத வலது பக்கம்

ஜெபராணி டீச்சரின் டியூஷன் சென்டரில் பாடம் கேட்கச் சேர்ந்தபோது சிவகாமிநாதனுக்கு அறுபது வயது. டீச்சருக்கு அதில் பாதிதான். சிவகாமிநாதன் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முதலில் என்னிடம் படியுங்கள், தேறினால் ஒரு வகுப்பைத் தருகிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. முக்கோணவியலில் முற்றொருமைகளை நிரூபிக்கும் கணக்கு வந்ததும் அவருக்கு அலுத்துவிட்டது.

"முடிவைக் கேள்வியிலேயே குடுத்திடுதாங்க. பிறகு நாம நிரூபிக்க என்ன இருக்கு டீச்சர்?"

டீச்சர் போர்டில் ஒரு கணக்கை எழுதினார். டேன் தீட்டா கூட்டல் காட் தீட்டா சமம் செக் தீட்டா கூட்டல் கோசெக் தீட்டா.

"நிரூபிங்க அண்ணாச்சி. சரியா வந்தா நாளைக்கு வகுப்பு உங்களுக்கு."

சிவகாமிநாதன் முதல் வேலையாகப் போர்டின் அடியில் வலது பக்கத்தை எழுதி, 'நிரூபிக்கப்பட்டது' என்று கோடும் போட்டார். பிறகு மேலிருந்து இறங்கி வந்தார். பிள்ளைகள் எல்லாரும் செய்கிற காரியம்தான். இவர் கையெழுத்து கொஞ்சம் அழகு, அவ்வளவே. மளமளவென்று முடித்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"தீட்டாவுக்கு நாற்பத்தைந்து டிகிரி போட்டுப் பாருங்க."

போட்டார். இடது பக்கம் இரண்டு. வலது பக்கம் இரண்டு ரூட் இரண்டு. மறுபடியும் போட்டார். கணக்கு இரங்கவில்லை.

பிழையை அவரே கண்டுபிடித்தார். கடைசிக்கு முந்தின வரியில் ஒன்றுக்குக் கீழே சைனும் காஸும் பெருக்கலில் இருந்தன. அடுத்த வரியில் இரண்டும் செக், கோசெக் என்று பிரிந்து, நடுவில் ஒரு கூட்டல் குறி உட்கார்ந்திருந்தது.

"கேள்வியே தப்பா டீச்சர்?"

"தப்புதான். வலது பக்கத்துப் பெருக்கலை நான்தான் கூட்டலா மாத்தி எழுதினேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. கீழே முடிவு தயாராக இருந்ததால் எப்படியாவது அங்கே போய்ச் சேரப் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டார். டஸ்டரை எடுத்துக் கடைசி வரியை மட்டும் அழித்தார். மேலே இருந்தவை எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

"அப்போ வகுப்பு எனக்கு இல்லை."

"நாளைக்கு வந்திடுங்க அண்ணாச்சி. இதே கணக்கைப் போர்டுல போடுங்க. எந்தப் பிள்ளை எந்திரிச்சு 'வரமாட்டேங்குது சார்'னு சொல்லுதோ, அதுக்கு முழு மார்க் குடுங்க."