ரூட் கேட்ட சீடர்

தூத்துக்குடியில் ஜெனோவா டீச்சர் நடத்தும் மொபைல் ரிப்பேர் கடையில் சீடர்தான் வயதில் பெரியவர். அந்தச் சீடரான சிவனைந்தான் முன்பு கேபிள் டிவி வைத்திருந்தவர். அந்தத் தொழில் படுத்ததும், வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் கடைசித் தங்கை வயதுள்ள ஒருவரிடம் வேலை பழக வந்தார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் டீச்சரை டீச்சர் என்பார். இருவருக்கும் அது பழகிப்போய்விட்டது.

ஸ்கிரீன் மாற்றுவதும் பேட்டரி மாற்றுவதும் சீக்கிரமே கைவந்துவிட்டன. ஆனால் சிவனைந்தானின் மனசெல்லாம் ரூட் மேல்தான். கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, பழைய சிஸ்டத்தைத் தூக்கி எறிந்து, புதிதாக ஒன்றை ஃபிளாஷ் பண்ணி, டேப்லெட்டின் முழு அதிகாரத்தையும் கைக்குள் கொண்டுவருவது. செத்துக் கிடந்த டேப்லெட் அதற்குப் பிறகு துள்ளி ஓடுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"டீச்சர், ரூட் பண்ணிட்டா அது நாம சொல்லுறதையெல்லாம் கேக்கும்லா?"

"கேக்கும், அண்ணாச்சி."

"எதைச் சொன்னாலும்?"

"எதைச் சொன்னாலும். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காது."

"அப்புறம் எதுக்கு நீங்க இவ்வளவு பயந்து பயந்து பண்ணுதீங்க?"

"அதுக்குத்தான்."

டீச்சர் பிடிகொடுக்காமல் பேசுகிறார் என்று சிவனைந்தானுக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

பூட்டைத் திறக்கும் முன் டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. டேப்லெட்டுக்குச் சொந்தக்காரரையே வரவழைத்து, எதிரே உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுப்பார். "வீட்டுல எப்படிப் பாப்பீங்களோ அப்படியே பாத்துக்கிட்டிருங்க" என்பார். அவருடைய விரல் எங்கெங்கே போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். டீச்சருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று சிவனைந்தான் மனசுக்குள் சிரித்துக்கொள்வார்.

ஒரு கல்யாணத்துக்காக டீச்சர் வெளியூர் போயிருந்த அன்று ஒருவர் வந்து, ஒரு டேப்லெட்டை மேசையில் வைத்தார்.

"எங்க மாமாவோடது. ரொம்ப இழுக்குது. என்ன வேணும்னாலும் பண்ணுங்க, போட்டோ மட்டும் பத்திரம்."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். சிவனைந்தானும் நிறுத்தவில்லை.

போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தார். பூட்டைத் திறக்கும்போது, உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. போட்டோதான் பத்திரமாக இருக்கிறதே என்று பொத்தானை அழுத்திச் சம்மதம் சொன்னார். புது சிஸ்டம் ஏறியது. ரூட்டும் கிடைத்தது. தொட்ட இடமெல்லாம் பட்டென்று திறந்தது. அன்றைக்குச் சிவனைந்தானுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சாயங்காலமே அந்த ஆள் வந்து டேப்லெட்டை வாங்கிப் போனார்.

மறுநாள் டீச்சரும் கடையில் இருந்தபோது அதே டேப்லெட்டோடு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தவர் கயித்தான். தொண்டையில் ஆபரேஷன் செய்ததில் அவருக்குக் குரலே போய்விட்டது. அவர் எழுதினால் டேப்லெட் அவருக்காகப் பேசும். மனைவி மரியசெல்வம் படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"வேகமாத்தான் ஓடுது. இவருதான் ஊமையாயிட்டாரு. நேத்துல இருந்து வீட்டுல ஒரு பேச்சு கிடையாது!"

டீச்சர் சிவனைந்தானைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் குடுங்கம்மா. பேச வச்சிருதேன்" என்று சிவனைந்தான் அவசர அவசரமாகப் பேசும் ஆப்பை ஏற்றினார். தமிழ்க் குரலையும் ஏற்றினார். கயித்தான் வாங்கித் திறந்து பார்த்தார். வெறும் பக்கம். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பிறகு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவரு பேச்சையெல்லாம் அதுலதான் எழுதி வச்சிருந்தாரு" என்றார் மரியசெல்வம். "ஒண்ணைத் தொட்டா ஒரு பேச்சு வரும். விரல் நடுங்க நடுங்க, வருஷக்கணக்கா சேத்தது."

சிவனைந்தான் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், உள்ள தேடி எடுத்துரலாமா? ரூட்தான் இருக்கே?"

"ரூட் இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல."

"அப்ப பேக்கப்பே கிடையாதா?"

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்து மரியசெல்வத்துக்கு எதிரே போட்டார்.

"இருக்கு. உக்காருங்க அண்ணாச்சி." பிறகு மரியசெல்வத்தின் பக்கம் திரும்பினார். "காலையில எந்திரிச்சதும் ஐயா என்னம்மா சொல்லுவாரு?"

மரியசெல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"'இன்னைக்கும் உப்புமாவா'ன்னு கேப்பாரு."

சிவனைந்தான் அதை எழுதித் தொட்டார். டேப்லெட் ஒரு பெண் குரலில் உப்புமாவைப் பற்றிக் கேட்டது. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். கயித்தானும் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தம் மட்டும் வரவில்லை.

"இவரு பேச்சு கட்டையா இருக்கும்" என்றார் மரியசெல்வம். சிவனைந்தான் டேப்லெட்டின் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, அவர் சொல்லிக்கொண்டே வந்தார். "இன்னும் கொஞ்சம். இன்னும் நிதானமா. ஆங், இதுதான்."

"அடுத்து என்னம்மா?"

"'ஃபேனைப் போடு.' 'ஃபேனை நிப்பாட்டு.' சீரியல் பாத்தா, 'அவ பொய் சொல்லுதா, நம்பாத.' நான் கத்துனா, 'செல்வம், உனக்கு பிரஷர் ஏறும்.'"

கயித்தான் கையை நீட்டி டேப்லெட்டை வாங்கித் திருத்தினார். "செல்வம், எனக்கு பிரஷர் ஏறும்" என்றது டேப்லெட்.

மத்தியானம் வரை இப்படியே போனது. பிறகு மரியசெல்வம் நிறுத்திக்கொண்டார்.

"இன்னொண்ணு உண்டு. படுக்கப் போகையில சொல்லுவாரு."

"சொல்லுங்கம்மா."

"அதை நான் எப்படி என் வாயால சொல்லுவேன்?"

சிவனைந்தான் டேப்லெட்டைக் கயித்தான் கையில் கொடுத்தார். கயித்தான் வெகு நேரம் எழுதினார். சத்தத்தைக் குறைத்து, மனைவியின் காதருகே பிடித்தார். மரியசெல்வம் அவர் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மிச்சத்துக்கு நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு இருவரும் படியிறங்கினார்கள். சிவனைந்தான் ஃபிளாஷ் பண்ணும் லேப்டாப்பை மூடி, டீச்சர் பக்கம் தள்ளினார்.

"இந்த வேலை இனிமே எனக்கு வேண்டாம் டீச்சர். பூட்டைத் திறக்கணும்னு நினைச்சாலே கை நடுங்குது."

டீச்சர் லேப்டாப்பைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினார்.

"நடுங்குதா? அப்ப இனிமே நீங்களே திறங்க, அண்ணாச்சி."