மன்னர் மக்கள்

வெகு காலத்துக்கு முன்பு, உப்பளங்களுக்குப் பேர்போன கழிமுக நாட்டைக் கோடைவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சுதான் அவனுக்கு வேதவாக்கு. அந்தக் கடைசிப் பேச்சை எப்போதும் பேசுகிறவர் மெச்சிநாதர் என்ற அரசவைப் பிரபு.

குடிகள் கட்டிய உப்பு வரியில் ராஜா ஒரு மருத்துவசாலை எழுப்பினான். வாசல் கல்லில் 'இது மன்னர் மக்களுக்கு' என்று பொறிக்கச் சொன்னான். ஊரே மகிழ்ந்தது. திறப்பு விழா முடிந்ததும் வாசலில் காவல் போட்டார்கள்.

"மன்னர் மக்கள் என்றால் மன்னர் பெற்ற பிள்ளை, மகாராஜா," என்றார் மெச்சிநாதர். "மற்றவர்கள் பொன் கொடுத்து வைத்தியம் பார்க்கட்டும். கண்டவனுக்கும் சும்மா கஷாயம் ஊற்றினால் கஜானா என்ன ஆகும்?"

ராஜாவுக்கு அதுவும் சரியென்றே பட்டது.

உப்பளத்துக் கூலிக்காரி காத்தாயி, புருஷனை இழந்தவள், ஜுரத்தில் அனத்தும் மகள் சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பொன்னுக்கு எங்கே போவாள்? வாசலிலேயே பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்துவிட்டாள். அதைக் கண்ட மந்திரி குணபாலர் சபைக்கு ஓடினார்.

"அரசே, மக்கள் என்றால் குடிகளும்தானே?"

"என் கல், என் சொல். மக்கள் என்றால் என் பிள்ளை மட்டும்தான். இதுவே தீர்ப்பு!" என்றான் ராஜா. மெச்சிநாதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மந்திரி அப்போதே தன் பொன் மோதிரத்தைக் கழற்றி வைத்தியரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வாசலில் கிடந்த மற்ற நோயாளிகளுக்கு யார் கொடுப்பது, கதவையே திறக்க வைத்துவிடலாம் என்று எண்ணினார். அவர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் திட்டவும் மனசு வரவில்லை.

மறுநாள் வரி தண்டும் நாள். "மன்னர் மக்கள் உப்பு வரி செலுத்துக!" என்று வழக்கம்போலப் பறை அறைந்தார்கள். மந்திரி சொல்லிவைத்தபடி, வரி தண்டுகிறவர்கள் உப்பு அளக்கும் மரக்காலும் சாக்குமாக நேரே இளவரசன் மாளிகைக்குப் போய் அவனை உலுக்கி எழுப்பினார்கள். "நாட்டு வரி முழுவதையும் எடுங்கள், இளவரசே. மன்னர் மக்கள் என்று இருப்பது தாங்கள் ஒருவர்தான்."

இளவரசன் அலறிக்கொண்டு சபைக்கு ஓடிவந்தான்.

"எவனடா என் பிள்ளையிடம் வரி கேட்டவன்?" என்று ராஜா சீறினான்.

"அடியேன்தான். நேற்றைய தீர்ப்புப்படி மக்கள் என்றால் இளவரசர் மட்டுமே. வரிக்கு ஒரு மக்கள், மருந்துக்கு வேறு மக்கள் என்று இருந்தால் மெச்சிநாதர் விளக்கட்டும்."

மெச்சிநாதர் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மெல்லச் சிரிப்பு அடங்கி முகம் சுருங்கியது. "வரி கட்டுகிற அத்தனை பேரும் என் பிள்ளைகள்தான். கதவைத் திறங்கள்!" என்றான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

மாலையோடு மந்திரி வாசலுக்கு ஓடினார். "காத்தாயி, உன் மகளும் தன் பிள்ளைதான் என்று ராஜாவே சொல்லிவிட்டார்! உள்ளே தூக்கிப் போ!"

காத்தாயி நிமிரவில்லை. விடியும்போதே சிட்டுவின் மூச்சு நின்றுவிட்டிருந்தது.

"அப்படியா சாமி," என்றாள். "எங்க வழக்கத்துல பெத்த அப்பன்தான் மொதப் பிடி மண்ணு போடணும். இவளுக்கு அப்பன் இல்லியேன்னு உக்காந்திருந்தேன். ராஜாவ வரச் சொல்லுங்க."

மந்திரி திரும்பிப் போய் அதை அப்படியே சபையில் சொன்னார். முத்துமாலையை ராஜாவின் காலடியில் வைத்துவிட்டு விம்மி அழுதார்.

ராஜா கிரீடத்தைக் கழற்றினான். மெச்சிநாதர் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தான். மருத்துவசாலைக் கதவு திறந்திருந்தது. நோயாளிகள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். உப்பளத்தின் ஓரத்தில் மெச்சிநாதர் குழி வெட்ட, ராஜா குனிந்து மண்ணை அள்ளினான். அள்ளியதெல்லாம் விரலிடுக்கு வழியே வெளியே சிந்திவிட்டது.

காத்தாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு பிடி அள்ளுங்க சாமி," என்றாள்.