வீட்டுக்கு ஒரு கால்

ஆறு கடலோடு சேரும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு. அந்தக் காட்டுச் சேற்றில் ஆயிரம் நண்டுகள் வளை தோண்டி வாழ்ந்தன. நாளுக்கு இரண்டு தடவை கடல் ஏறி வரும். வருவதற்கு முன்பே ஒவ்வொரு நண்டும் சேற்றை உருட்டித் தன் வளை வாயை அடைத்துக்கொள்ளும். கடல் இறங்கியதும் திறந்துகொண்டு வெளியே வரும். இதற்கு யாரிடமாவது அனுமதி கேட்டனவா? இல்லை.

அந்த நண்டுகளில் செங்காலி என்று ஒருத்தி. வயிற்றுக்கு அடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தாள். பதினைந்து நாள் மூடிய வளைக்குள் இருந்தால்தான் முட்டைகள் பிழைக்கும். கடல் உள்ளே புகுந்தால் அத்தனையும் போய்விடும். அவள் கவலையெல்லாம் அதுதான்.

ஒரு நாள் காலையில் ஒரு கீரி வந்து மேட்டில் ஏறி நின்றது.

"எல்லோரும் கேளுங்கள்! மூன்று நாள் நடை தூரத்து மலையில் புலி மகாராஜா இருக்கிறார். இந்தச் சேறும் இனி அவருடையதுதான். நான் அவருடைய அதிகாரி!"

"அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லையே!" என்றாள் செங்காலி.

"அவர் எதற்கு வரவேண்டும்? அதற்குத்தான் நான் இருக்கிறேனே!"

முதல் வேலையாக, நல்ல இரை கிடைக்கிற அந்த மேட்டைக் கீரி தன் படுக்கையாக்கிக்கொண்டது. நண்டுகள் கால் வைக்கக்கூடாதாம்! ஆண் நண்டுகளெல்லாம் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டின. 'கிட்டே வந்தால் கடித்துவிடுவேன்' என்று அர்த்தம். கீரி என்ன நினைத்தது தெரியுமா? கும்பிடுகிறார்களாம்! "ஆஹா, என்ன மரியாதை!" என்று மலைக்குச் சேதி அனுப்பியது.

அடுத்த உத்தரவு வந்தது. "மகாராஜாவுக்கு வீட்டுக்கு ஒரு கால்!"

"ஐயோ! காலையா வெட்டிக் கொடுப்பது?"

"மறுபடி முளைக்கிற கால்தானே! அதற்கு என்ன அழுகை?"

கேட்டீர்களா அநியாயத்தை! அந்தக் கால்களில் ஒன்றுகூட மலைக்குப் போகவில்லை. அத்தனையும் கீரியின் வயிற்றுக்குத்தான் போயின. செங்காலி ஒரு காலை இழந்து நொண்டினாள். பக்கத்து வளையில் இருந்த கொடுக்கன் அவளைப் பார்த்து, "என் பங்கை நான் கொடுத்துட்டேன். இனி கீரி என் வளைப் பக்கம் வரமாட்டான். மத்தவங்க பாடு எனக்கெதுக்கு?" என்றான். நண்டுகள் எல்லாமே அப்படித்தான். ஒன்றின் வாசலை இன்னொன்று மிதிக்காது.

பிறகு மூன்றாவது உத்தரவு. "இனி யாரும் வளையை மூடக்கூடாது! உள்ளே என்ன சதி நடக்கிறதோ, யார் கண்டது?"

செங்காலி நொண்டி நொண்டி மேட்டுக்குப் போனாள். "ஐயா, கடல் ஏறி வந்தால் என் முட்டைகள் போய்விடும். எனக்காவது விலக்குக் கொடுங்கள்!"

"மலைக்குச் சொல்லி அனுப்புகிறேன். பதில் வரும்வரை உன் வளை திறந்தே கிடக்கட்டும்" என்றது கீரி. அவள் கண் முன்னாலேயே வளை வாயிலிருந்த சேற்றைப் பிறாண்டிப் போட்டது.

அன்று கடல் ஏறியது. செங்காலி தன் உடம்பையே கதவாக வைத்து அடைத்துக்கொண்டு கிடந்தாள். அப்படியும் பாதி முட்டைகள் போய்விட்டன. ஆறு நாள் அப்படியே கிடந்தாள். கொடுக்கன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஏழாம் நாள் பதில் வந்தது. "மலையில் தண்ணீர் கீழேதான் ஓடும். மேலே ஏறி வரும் தண்ணீர் எங்கும் கிடையாது. பொய் சொன்னவளுக்கு இன்னொரு கால் அபராதம்! மேலும், நீங்கள் கும்பிடும் அழகைக் கேட்டு மகாராஜா மகிழ்ந்தார். அந்தக் கைகளைப் பார்க்க ஆசைப்படுகிறார். மூன்று நாளில் எல்லாக் கொடுக்கையும் வெட்டி அனுப்புங்கள்!"

கொடுக்கன் செங்காலியின் வாசலுக்கு ஓடிவந்தான்.

"இப்போதான் வலிக்குதா? என் கதவை உடைச்சப்போ எங்கே போயிருந்தே?" என்று சீறினாள் செங்காலி.

"தப்புதான் தங்கச்சி. மன்னிச்சுக்கோ. என்ன செய்யணும் சொல்லு."

"கெஞ்சியாச்சு. அழுதாச்சு. இனி நமக்குத் தெரிஞ்ச வேலையைச் செய்வோம். தோண்டுவோம்!"

"எங்கே?"

"அவன் படுத்திருக்கிற மேட்டுக்கு அடியில!"

செய்தி வளைக்கு வளை பரவியது. ஆயிரம் நண்டுகளும் முதன்முறையாக ஒரே வளையைத் தோண்டின. மூன்று நாளும் கீரி மேலே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் கீரி எழுந்து, "கொடுக்குகள் எங்கே?" என்று அதட்டியது. நண்டுகள் எல்லாம் வெளியே வந்து கொடுக்கைத் தூக்கின. கடல் ஏறியது. கீரி சந்தோஷமாகத் தலையை ஆட்டி முடிக்கவில்லை, மேடு மடமடவென்று சரிந்தது!

சரிந்த குழியில், கழுத்தளவு தண்ணீரில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு கீரி அலறியது. "காப்பாற்றுங்கள்! நான் வெறும் வேலைக்காரன்! உத்தரவெல்லாம் மகாராஜாவுடையது!"

"உத்தரவு அவரோடது. தின்ன வாய் யாரோடது?" என்றாள் செங்காலி.

ஆயிரம் கொடுக்குகள் வேரை நெருங்கி, கீரியின் வாலைப் பாதியில் நறுக்கின. கீரி பிடியை விட்டது. தத்தளித்து நீந்திக் கரையேறி, பாதி வாலோடு மலையைப் பார்த்து ஓடியது.

நின்று பார்க்கச் செங்காலிக்கு நேரமில்லை. தண்ணீர் வளை வாயைத் தொட்டுவிட்டது. ஓடிவந்து உள்ளே நுழைந்தாள். கொடுக்கன் வெளியிலிருந்து சேற்றை உருட்டி உருட்டி அவள் வாசலை அடைத்தான்.

மிச்ச முட்டைகள் பொரிந்தன. போன பாதி போனதுதான். அதற்கு எந்த மகாராஜா பதில் சொல்வார்?

வாய்விட்டுச் சொன்ன குறையைக் காதில் வாங்காத ஆட்சியை, பொறுத்துப் பொறுத்துப் பார்த்த குடிகள் ஒரு நாள் ஒன்றுகூடிக் கவிழ்த்துவிடுவார்கள்.