ராஜா குளிர்காய்ந்த சாம்பல்

முன்னொரு காலத்தில், மேகம் வாசல் வழியாக வந்து ஜன்னல் வழியாகப் போகும் பனிமலை நாடு ஒன்றை முகில்வண்ணன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். சுற்றிலும் தேவதாருக் காடு. காற்றடித்தால் காடு முழுக்கத் தூக்கத்தில் பேசுவதுபோல முணுமுணுக்கும்.

அரண்மனை அடுப்புகளில் எரிந்ததெல்லாம் அந்தக் காட்டு மரம்தான். கிளை, சுள்ளி, ஊசியிலை எதையும் மிச்சம் வைப்பதில்லை. ஆனால் ராஜா குளிர்காய்ந்த சாம்பலை யார் காலும் மிதிக்கக்கூடாது என்று அங்கே ஒரு வழக்கம். ஒரு மண்டபத்தில் கொட்டிப் பூட்டிவைத்தார்கள். மண்டபம் நிறைந்தது. காடு வெளுத்தது.

"மந்திரி, என் காடு ஏன் மஞ்சளாகிறது?"

மந்திரி செங்கண்ணர் சொன்னார்: "எடுத்துக்கொண்டே இருக்கிறோம் மகாராஜா, திருப்பிக் கொடுப்பதில்லை. அதன் சத்தெல்லாம் மண்டபத்தில் பூட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சாம்பலைக் காட்டிலேயே தூவவேண்டும்."

"காட்டில் மேயும் ஆடு என் சாம்பலை மிதிக்கவா?" ராஜா முகம் சுளித்தான். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்தான். "சரி, செய்யும். ஒரு மரம் கெட்டாலும் நீர் இந்த நாட்டில் இருக்கக்கூடாது."

மந்திரி, காரம் தணியட்டுமென்று சாம்பலில் தண்ணீர் தெளித்து, மழையிலும் வெயிலிலும் கிடத்தி, கட்டி கட்டியாக இறுகவிட்டார். பண்டகசாலை அதிகாரி ஏகாம்பரருக்கு வயிறு எரிந்தது. "மந்திரியார் மண்சோறு ஆக்குகிறார்! காடு பச்சையானால் பேர் அவருக்கா?" என்று, அடுப்பிலிருந்து அள்ளிய புதுச்சாம்பலை ராஜாவின் செல்லத் தேவதாருக் கன்றின் அடியில் கூடை கூடையாகக் கொட்டவைத்தார். கன்று கருகியது.

"மந்திரி சொன்ன மருந்தைத்தான் தாராளமாகப் போட்டேன், மகாராஜா. மருந்தில்லை, விஷம்!"

ராஜாவின் கண் கலங்கியது. "கிளம்பும், செங்கண்ணரே."

"போகிறேன் மகாராஜா. போகுமுன் ஏகாம்பரருக்கு என் கையால் ஒருவேளை விருந்து."

சபையிலேயே இலை விரித்தார்கள். ஏகாம்பரரின் இலையில் ஒரு கூடை உப்பு. சோறில்லை, குழம்பில்லை.

"என்னய்யா இது?"

"உப்பு. உடம்புக்கு நல்லது. தாராளமாகச் சாப்பிடுங்கள்."

"இத்தனையும் தின்றால் குடல் வெந்து சாகமாட்டேனா?"

"கன்றும் அதைத்தான் சொல்லியிருக்கும். அதற்குத்தான் வாயில்லை."

முதலில் சிரித்தது ராஜாதான். "நீர் போகவேண்டாம், செங்கண்ணரே" என்றான்.

மறுநாளிலிருந்து, ராஜாவின் கட்டளைப்படி, ஏகாம்பரர் செருப்பில்லாமல் காட்டில் நடந்தார். இறுகிய சாம்பலை உடைத்து, கோலமாவு தூவுவதுபோல மெல்லிசாகத் தூவிக்கொண்டே போனார். காடு அவசரப்படவில்லை. சில பனிக்காலம் கழிந்துதான் கிளை நுனிகளில் இளம்பச்சை கசிந்தது.

"என்ன வேண்டும், கேளும்" என்றான் ராஜா, காட்டில் கூட நடந்துவந்த செங்கண்ணரிடம்.

"நான் எரிந்தபின் என் சாம்பலையும் இங்கேயே தூவச் சொல்லுங்கள்."

ராஜா பனிக்குள் கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு தணிந்த குரலில் கேட்டான்: "என்னுடையதையும் ஏற்றுக்கொள்ளுமா?"

"மரம் யாருடையதென்று கேட்காது, மகாராஜா."

"ஆடு மிதிக்குமே?"

"மிதிக்கும்."

"மிதிக்கட்டும்" என்றான் ராஜா.