ஈ எறும்பு நுழையாத சர்வர்

ஆளவந்தார் முதல்வராக இருந்த கல்லூரியில் சர்வரைக் கட்டி மேய்த்தவள் மரகதவல்லி. அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் இலவச மென்பொருளில், வெளியாள் நுழையக்கூடிய ஒரு ஓட்டை. அடைக்கும் அப்டேட்டை, அந்த இலவச மென்பொருளை எழுதியவர்களே வெளியிட்டிருந்தார்கள். போடுவதற்கு வெப்சைட்டை ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும்.

"ஒரு நொடிகூட நிக்கக் கூடாது! ஓட்டையாம் ஓட்டை. எங்கே, காட்டும்மா பார்ப்போம்!" என்றார் முதல்வர்.

"நீங்க மட்டும் பார்க்கிற ஃபைல் ஒண்ணு சொல்லுங்க சார்."

"சர்வர்ல பூட்டி வச்சிருக்கேனே, என் ஆண்டு விழா உரை!"

பாஸ்வேர்டு எதுவும் போடாமல் தன் செல்போனிலேயே அதைத் திறந்து, கணீரென்று வாசித்தாள்: "நம் சர்வருக்குள் ஈ எறும்புகூட நுழைய முடியாது..."

முதல்வர் எட்டி அந்தச் செல்போனைப் பார்த்தார்.

"ஈயும் வரலை, எறும்பும் வரலை சார். நான்தான் வந்திருக்கேன்."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முதல்ல அடைச்சிட்டு வாம்மா. அப்புறம்தான் அந்த வரியை மேடையில படிப்பேன்."